சந்துக் கதவு

மே 7, திங்கள்

லியோனி ஃபிஜியில்தான் கல்யாணம் செய்துகொள்வாளாம். கடற்கரையில், செருப்பில்லாமல், செப்டம்பரில். பெற்ற மகள், மறுக்க முடியுமா? இத்தனை வருடத்தில் நான் நாட்டைவிட்டு வெளியே போனதில்லை, போக வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. இப்போது பாஸ்போர்ட் வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அறுபத்திரண்டு வயது ஆளை நேரில் பார்த்தாலே பிறந்திருப்பான் என்று தெரியாதா? தெரியாதாம். என் மனைவி நோரீன் பிரிஸ்பேன் பதிவு அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறாள்.

ஆரிஜின் ரக்பி ஆட்டங்களுக்கு இன்னும் மூன்று வாரம். சந்துக் கதவில் இருக்கும் கரப்பான்பூச்சிப் படத்துக்குப் புது வண்ணம் அடித்தேன். "மீசை சின்னதா இருக்கு" என்றாள் நோரீன். நீட்டிவிட்டேன்.

இந்த வழக்கத்தைத் தொடங்கியவன் நான். இருபத்தேழு வருடம் ஆகிறது. நம் குயின்ஸ்லாந்தும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நியூ சவுத் வேல்ஸும் வருடத்துக்கு மூன்று ஆட்டம் மோதும். அந்த மூன்று நாளும் என் இறைச்சிக் கடையின் முன்வாசல் குயின்ஸ்லாந்தில் பிறந்தவர்களுக்கு மட்டும். கரப்பான்கள், அதாவது அந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள், குப்பைத் தொட்டிச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நோரீன் முன்வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கேட்பாள்: "பிறந்தது எங்க?" வளர்ந்தது எங்கே, வரி கட்டுவது எங்கே என்பதெல்லாம் பேச்சில்லை. நான் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. மெரூன் நம் அணியின் நிறம், நீலம் அவர்களுடையது. ஊரில் என்னைச் சும்மாவா மெரூன் மெர்வ் என்கிறார்கள்?

மே 15, செவ்வாய்

பிரிஸ்பேனிலிருந்து கடிதம். இந்தப் பெயரில், இந்தத் தேதியில், குயின்ஸ்லாந்தில் யாரும் பிறந்ததாகப் பதிவு இல்லையாம்.

"அப்ப முப்பத்தாறு வருஷமா நான் யாரோட சாக்ஸத் துவைச்சுக்கிட்டிருக்கேன்?" என்று கேட்டுவிட்டு நோரீன் அவள்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரித்தாள். எங்கள் கல்யாணத்துக்கு இந்தச் சான்றிதழ் எல்லாம் யாரும் கேட்கவில்லை. பாதிரியார் அப்பாவின் மீன்பிடிக் கூட்டாளி; ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஒழுங்கான மனிதர்.

மே 16, புதன்

பிரிஸ்பேனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "ஐயா, வேற மாநிலத்துல தேடிப் பாத்தீங்களா?" என்றாள்.

போனை வைத்துவிட்டேன்.

மே 20, ஞாயிறு

தூவும்பாவில் இருக்கும் பெரில் அக்காவைக் கூப்பிட்டேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"மெர்வ், உக்காந்திருக்கியா?"

"எதுக்கு உக்காரணும்?"

"அப்பா சத்தியம் வாங்கிட்டாருடா. யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு."

அந்த வருடம் வெள்ளமாம். அம்மா நிறைமாதமாக இருந்தும் அந்தப் பக்கத்தில் இருந்த சித்தியைப் பார்க்கப் போயிருக்கிறாள். இரவோடு இரவாக ஆறு ஏறிப் பாலம் முழுகிவிட்டது. நான் அங்கேயே பிறந்துவிட்டேன். தண்ணீர் வடியப் பத்தொன்பது நாள் ஆகியிருக்கிறது. பத்தொன்பதாம் நாள் அப்பா சேற்றில் நடந்து வந்து என்னை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அந்தப் பக்கம் நடந்தது அந்தப் பக்கமே கெடக்கட்டும்" என்றாராம்.

அதாவது, நான் ஒரு கரப்பான்.

மே 21, திங்கள்

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். அப்படியேதான் இருக்கிறது.

மே 24, வியாழன்

ஒரு வழி இருக்கிறது. ஆரிஜின் விதிப்படி பதின்மூன்று வயதுக்குள் ஒரு மாநிலத்தில் வாழ்ந்திருந்தால் போதும், அந்த அணிக்கு ஆடலாம். விளையாட்டு வாரியமே ஒப்புக்கொண்ட விதி. அப்படிப் பார்த்தால் நான் சுத்தமான குயின்ஸ்லாந்துக்காரன். மனது லேசாகி அரை மணி நேரம் விசிலடித்துக்கொண்டே சாசேஜ் கட்டினேன்.

பிறகு டெல்மா ஞாபகம் வந்தது. தையல்கார டெல்மா, நாற்பது நாள் குழந்தையாக இந்தப் பக்கம் வந்தவள். இதே விதியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள், பதினெட்டு வருடத்துக்கு முன்னால். அன்று கடை நிறையக் கூட்டம். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்ன சொன்னேன்? "டெல்மா, முட்டை எங்க பொரிஞ்சுதோ அதுதான் கணக்கு." கடையே கைதட்டியது. அன்றிலிருந்து அவளும் சந்து வழியாகத்தான் வருகிறாள்.

என் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

மே 30, புதன் — முதல் ஆட்டம்

பதினேழு பேர் சந்து வழியாக வந்தார்கள். வழக்கம்போல் முதலில் வந்தவன் லிண்டன். அந்தப் பக்கத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். நீல ஜெர்சி, நீலத் தொப்பி, நீல மூக்குக்கண்ணாடிக் கயிறு. உள்ளே வந்ததும் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டான். வயதாகிறது, பாவம்.

"என்ன மெர்வ், இந்த வருஷம் கரப்பான் பாட்டக் காணோம்?"

"தொண்டை சரியில்ல."

ஒவ்வொரு வருடமும் அவர்கள் உள்ளே நுழைய நுழைய நான் ஒரு பாட்டுப் பாடுவேன். நானே கட்டிய பாட்டு. இன்று வாய் திறக்கவில்லை. லிண்டனுக்கு ஆட்டுச் சாப்ஸ் இரண்டு கூடுதலாக வைத்தேன். அவன் சந்தேகமாகப் பார்த்தான்.

ஆட்டத்தில் ஜெயித்தோம். பப்பில் எல்லோரும் என்னைத் தோளில் தூக்க வந்தார்கள், என் எடை ஞாபகம் வந்ததும் விட்டுவிட்டார்கள்.

ஜூன் 8, வெள்ளி

சிட்னியிலிருந்து சான்றிதழ் வந்துவிட்டது. நோரீனுக்குத் தெரியாமல் நானே எழுதிப் போட்டிருந்தேன். பிறந்த இடம்: நியூ சவுத் வேல்ஸ். தெளிவான எழுத்து, ஒரு தப்பும் இல்லை. அதுதான் தப்பு.

குளிர் அறையில் குடல் வைக்கும் தட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். குடலை யாரும் கேட்பதில்லை.

"சான்றிதழ் என்னாச்சு?" என்றாள் நோரீன்.

"பிரிஸ்பேன்ல தேடுறாங்க."

"உன்னத் தேடுறதுக்கா இவ்வளவு நாளு? நீ நடந்து வந்தா நாலு தெரு தள்ளித் தெரியும்."

ஜூன் 10, ஞாயிறு

இன்னொரு தொல்லை. பாஸ்போர்ட் படிவத்தில், இவனை எனக்குத் தெரியும் என்று வெளியாள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தில் பிறந்த இடம் இருக்கிறது. மருந்துக்கடைக்காரரிடம் கேட்கலாம், அவரிடம் சொன்னால் ரேடியோவில் சொன்ன மாதிரி. வங்கி மேனேஜர் மெரூன் டை கட்டிக்கொண்டு தூங்குகிற ஆள். யோசித்து யோசித்துப் பார்த்ததில் இந்த விஷயத்தில் நம்பக்கூடிய ஆள் எதிரணியில்தான் இருக்கிறான்.

பாலத்தைத் தாண்டி லிண்டன் வீட்டுக்குப் போனேன். படிவத்தை வாங்கி வாத்தியார் மாதிரியே வரி வரியாக விரல் வைத்துப் படித்தான். விரல் ஓர் இடத்தில் நின்றது. நான் அவன் வீட்டு நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போட்டான். மை காய ஊதினான்.

"போட்டோ நல்லா இல்ல, மெர்வ்" என்றான். அவ்வளவுதான். டீ கொடுத்தான்.

ஜூன் 11, திங்கள்

சொல்லிவிடுவானோ? இருபத்தேழு வருடக் கடன் இருக்கிறது. நானாக இருந்தால் இந்நேரம் பாலத்தில் பேனர் கட்டியிருப்பேன்.

ஜூன் 20, புதன் — இரண்டாம் ஆட்டம்

லிண்டன் வந்தான். சந்து வழியாகத்தான். கூட்டத்தில் யாரோ, "கரப்பானே, மீசையத் தொடச்சுட்டு வா" என்று கத்தினார்கள். அவன் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தான். என்னைப் பார்த்தான், மாட்டு இறைச்சி ஒரு கிலோ கேட்டான், போய்விட்டான். அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம். இப்போது யார் மேல கோவப்படுறது? எம்மேலதான். பெரிய மனுஷன் மாதிரி வெள்ளை ஏப்ரன் கட்டிக்கிட்டு உள்ள நிக்கிறேனே, வெக்கமா இல்ல? — டெல்மா வந்தபோது கோட்டில் சேறு. "விழுந்துட்டியா?" என்று கேட்டேன். "உனக்கென்ன, சாசேஜக் குடு" என்றாள். எண்பத்தோரு வயது அவளுக்கு.

தோற்றோம். ஒன்றுக்கு ஒன்று.

ஜூலை 4, புதன்

பாஸ்போர்ட் வந்தது. பிறந்த ஊர் அதிலும் அச்சடித்திருக்கிறது. ஃபிஜிக்காரனுக்கு இது எதற்கு? இதுவும் குடல் தட்டுக்கு அடியில் போயிற்று. விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டை நோரீன் வாங்கி மோந்து பார்ப்பதாக ஒரு கனவு.

ஜூலை 11, புதன் — கடைசி ஆட்டம்

நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணி. கடை நிறைய மெரூன் ஜெர்சி. முன்வாசலில் டெல்மா, கையில் தடி.

"பிறந்தது எங்க?" என்று நோரீன் கேட்டாள்.

"உனக்கே தெரியும். இன்னிக்கு முட்டி வலி. நாப்பது நாள் குழந்தையா வந்தவ நான். இந்த ஒரு தடவை இப்படியே வரேனே."

நோரீன் திரும்பி, "மெர்வ், உன் சட்டம். நீயே சொல்லு" என்றாள்.

கடையே என்னைப் பார்த்தது. முட்டை வசனத்துக்காகக் காத்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கைதட்டக் கையைத் தூக்கியே வைத்திருந்தார்.

"நான் பத்தொம்பது நாள்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. வெள்ளம், பாலம், சித்தி வீடு, சிட்னிச் சான்றிதழ் — எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குடல் தட்டையும் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

நோரீன் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முப்பத்தாறு வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு கட்டை விரலால் சந்துப் பக்கம் காட்டினாள்.

"அப்ப நீ ஏன் இங்க நிக்கிற?"

ஏப்ரனைக் கழற்றினேன். முன்வாசல் வழியாக வெளியே வந்தேன். டெல்மாவுக்குக் கை கொடுத்தேன். அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். இருவரும் குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, ஆட்டுத் தோல் நாற்றத்தைத் தாண்டி நடந்தோம். சொந்தக் கடையின் அந்தப் பக்கத்துக்கு, படம் வரைவதற்கு அல்லாமல் நான் போனதே இல்லை. அதுவும் ஏணி மேல் நின்று வரைவேன், கீழே பார்ப்பதில்லை.

வரிசையின் முன்னால் லிண்டன், நீல ஜெர்சியில். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். தலைக்கு மேலே என் கரப்பான், நீண்ட மீசையோடு.

"பாத்து வா. முதல் படிய விட்டுட்டு ரெண்டாவதுல கால வை. முதல் படி ஆடும்."

குனிந்து பார்த்தேன். பாதி உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. டெல்மாவின் கோட்டுச் சேறு, லிண்டனின் கணுக்கால்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"இருபது வருஷம் இருக்கும்."

"சொல்லியிருக்கலாமே."

"கரப்பான் சொன்னா நீ கேப்பியா?"

கண் கலங்கிவிட்டது, தோல் நாற்றத்தால் என்று சொல்லி வைத்தேன். உள்ளே நுழைந்ததும் மொத்தக் கடையும் பாட்டுப் பாடியது. நான் கட்டிய பாட்டுதான். கேட்கும் இடத்தில் நின்று கேட்டால் அது அவ்வளவு நல்ல பாட்டு இல்லை.

ஜூலை 12, வியாழன்

இரண்டு புள்ளியில் தோற்றோம். தோற்றோம் என்றுதான் எழுத வருகிறது. மனது மாறவில்லை, என்ன செய்ய? மருந்துக்கடைக்காரர் காலையிலேயே வந்து, "உன் ஆளுங்க ஜெயிச்சுட்டாங்க, சந்தோஷமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இன்னும் பத்து வருடம் கேட்பார். பாஸ்போர்ட்டை நோரீன் சோப்பு போட்ட துணியால் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாள்.

மதியம் படியை உடைத்து எடுத்து, சிமெண்டு குழைத்துப் புதுப்படி கட்டினேன். சந்து முனையில் ஓர் அட்டை வைத்தேன்: சிமெண்டு ஈரம், எல்லோரும் முன்வாசல் வழியாக வரவும்.

டெல்மா வந்து தடியால் அட்டையைத் தட்டிப் பார்த்தாள். "எப்பக் காயும்?"

"இந்தக் குளிருக்கு சீக்கிரம் காயாது" என்றேன். "அடுத்த வருஷம் மூணு ஆட்டமும் முடியற வரைக்கும் ஆகும்."