கதவுக்கு மேலே ஒரு கைப்பிடி

மார்ச் 3

இன்று மூன்று பேருக்கு வகுப்பு. காலையில் வந்த பல் மருத்துவர், பின்னால் எடுக்கச் சொன்னால் முன்னால் போகிறார், முன்னால் போகச் சொன்னால் யோசிக்கிறார். ஊரையே வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர், அடுத்தவர் சொல் கேட்பதென்றால் கொஞ்சம் கஷ்டம்தான். இரண்டு முறை கைப்பிடியைப் பிடித்துவிட்டேன்.

கைப்பிடி என்றால், என் பக்கத்துக் கதவுக்கு மேலே, கூரையை ஒட்டி இருக்கிறதே, அது. டிரைவிங் ஸ்கூலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நான் திட்ட மாட்டேன், கத்த மாட்டேன். இடது கை மெல்ல மேலே போய் அதைப் பிடித்தால், ஓட்டுகிறவர் தப்பு செய்துவிட்டார் என்று அர்த்தம். பதினாறு வருடப் பழக்கம்.

போன வாரம் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இன்று ஊசி போட்டு அதிலிருந்து கொஞ்சம் சதை எடுத்தார்கள். முடிவு வெள்ளிக்கிழமை. வெறும் கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதைத்தான்.

மார்ச் 7

புற்றுநோய். எழுதிப் பார்த்தால் ஐந்தே எழுத்து.

மார்ச் 8

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. இன்று முடிகிறது.

அறுவை சிகிச்சை மருத்துவர் என்னைவிடச் சின்னவர். ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். இடது மார்பை முழுவதும் எடுத்துவிட வேண்டும். அக்குளிலிருந்து இரண்டு மூன்று நெறிக்கட்டிகளையும் எடுத்துப் பரிசோதிப்பார்கள். அவற்றில் பரவியிருந்தால் சிகிச்சை நீளும். பரவாமல் இருந்தால் மாத்திரையோடு தப்பிக்கலாம். பக்கத்தில் என் கணவர் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். எந்தத் தாளைக் கண்டாலும் அதில் வடக்கு எது என்று தேடுவார்.

ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் மருத்துவர். பிழைப்பேனா என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? நான் கேட்டது, இந்தக் கை மேலே போகுமா என்று. அவர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். "கை வரும். ஆனா நீங்கதான் அதை வர வைக்கணும்."

வெளியே வந்ததும் இவர் வேறு யாருடைய காரின் கதவையோ இழு இழு என்று இழுத்துக்கொண்டிருந்தார். நம்முடையது வெள்ளை, அது சிவப்பு. நான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். உள்ளே உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் அந்தச் சிவப்புக் காரை நினைத்துச் சிரித்தோம்.

பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. சிரிச்சதுக்கப்புறமும் இருக்கு.

மார்ச் 12

முதலாளியிடம் சொன்னேன். நல்ல மனிதர், கண் கலங்கிவிட்டார். கலங்கிய கண்ணோடே விதியையும் சொன்னார். பயிற்சியாளருக்கு இரண்டு கையும் தோளுக்கு மேலே தடையில்லாமல் போக வேண்டும், மருத்துவர் சான்றிதழ் வேண்டும். ஜூலை ஒன்றாம் தேதி வரை என் இருக்கை எனக்காகக் காத்திருக்கும். அதற்குமேல் அவர் கையில் இல்லை.

அவர்மேல் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த இருக்கையை விட்டுவிட்டு நான் எங்கே போய் உட்காருவது?

மார்ச் 19

நாளைக் காலை ஏழு மணிக்கு.

குளிக்கும்போது கூடுதலாக ஒரு நிமிடம் நின்றேன். மகள் குழந்தையாக இருக்கும்போது இந்தப் பக்கத்தில்தான் குடிப்பாள். வலது பக்கம் திருப்பினால் ஊரைக் கூட்டுவாள். நன்றி என்று சத்தமாகவே சொன்னேன். என்னம்மா என்று வெளியிலிருந்து குரல் வந்தது. உன்னைச் சொல்லவில்லை என்றேன்.

மார்ச் 22

முடிந்துவிட்டது. வலக்கை இருக்கிறது, எழுதலாம்.

நெஞ்சில் செங்கல்லை வைத்துக் கட்டியது போல ஒரு இறுக்கம். பக்கவாட்டில் ஒரு மெல்லிய குழாய், அதன் முனையில் நீர் சேரும் சின்னக் குப்பி. எங்கே போனாலும் அதுவும் கூடவே வருகிறது.

மயக்கம் தெளியும்போது நான் மருத்துவரைப் பார்த்து, "கிளட்ச்சை விடாதீங்க, விடாதீங்க, அணைஞ்சிடும்" என்றேனாம். வார்டு முழுக்க இதே பேச்சு. இந்தச் செய்தியைக் கொண்டு வந்தது ஒரு நர்ஸ். சிரிக்காமல் சொல்லப் பார்த்து முடியாமல் போனார். அவரும் ஒரு காலத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாராம். சொல்லித்தந்தவர் கத்திய கத்தலில் நான்காம் நாளே நின்றுவிட்டாராம். "நான் கத்தமாட்டேன், வாங்க" என்றேன். மூன்று நாள் முன்பு வரை அது உண்மை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மயக்கத்தில் நன்றாகவே கத்தினேனாம்.

மார்ச் 27

வீடு. மகள் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மேலதிகாரியாகப் பதவி ஏற்றிருக்கிறாள். குளிர்சாதனப் பெட்டியில் அட்டவணை ஒட்டியாயிற்று. எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு நடை, எத்தனை மணிக்கு "அம்மா சும்மா இருக்க வேண்டும்". கடைசி வரியின் கீழே மட்டும் இரண்டு கோடு.

கட்டு மாற்றும்போது இன்று முதல்முறை கண்ணாடியில் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு கோடு, அதைச் சுற்றிக் கன்றிப்போன தோல், அவ்வளவுதான். இவரைக் கூப்பிடவா வேண்டாமா என்று வெகுநேரம் நின்றேன். பிறகு கூப்பிட்டேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிட்ட வந்து, அலுவலகத்தில் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நேரா போட்டிருக்காங்க. ஒரு பிசிறு இல்ல."

முப்பது வருடமாகக் கோடு போடுகிறவர் வாயிலிருந்து அது சும்மா வராது. எனக்குப் பெருமையாக இருந்தது. இதற்கெல்லாம் பெருமைப்படுவேன் என்று யார் நினைத்தார்கள்?

ஏப்ரல் 1

இன்றைக்குச் சோதனை முடிவு. டாக்ஸி வேண்டாம், நானே ஓட்டுகிறேன் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். மூன்று முறை லைசென்ஸ் தேர்வில் தோற்றவர். சொல்லிக்கொடுத்தது நான் என்பதால் அந்தத் தோல்வி எனக்கும் சேர்த்துத்தான். பயிற்சிக் காரை முதலாளி தந்தார். என் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது என்ற தைரியத்தில் ஏறினேன். பெல்ட் நெஞ்சில் உரசாமலிருக்க மேலதிகாரி ஒரு குட்டித் தலையணையைச் செருகினாள். முன்னும் பின்னும் எல் பலகை மாட்டிய வண்டியில், தையல்கூடக் காயாத நோயாளி ஒருத்தி. சிக்னலில் நின்றவர்கள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

முதலில் குழாயை எடுத்தார்கள், அதே நர்ஸ்தான். "மூச்சை இழுங்க. மெதுவா விடுங்க." விட்டு முடிப்பதற்குள் குழாய் அவர் கையில் இருந்தது.

அப்புறம் மருத்துவர் அறைக்குப் போனோம். அவர் தாளைப் புரட்டிய அந்த நேரம்... வேண்டாம், அதை எழுத மாட்டேன்.

பரவவில்லை. மூன்று நெறிக்கட்டியும் சுத்தம். ஐந்து வருடத்துக்கு மாத்திரை, அவ்வளவுதான். இவர் மருத்துவரின் கையைப் பிடித்து விடவே மாட்டேன் என்கிறார். அந்தக் கை இன்னும் நிறையப் பேருக்கு வேண்டும், விடுங்கள் என்று நான்தான் பிரித்து எடுத்தேன்.

ஏப்ரல் 2

இன்று எதுவும் நடக்கவில்லை. எவ்வளவு நல்ல நாள்!

ஏப்ரல் 17

சுவரில் விரல்களை நடக்கவிடும் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, இரண்டு விரலால் எறும்பு மாதிரி மேலே மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் இவர் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி போடுவார். மகள் வளர்ந்தபோது உயரம் குறித்த அதே சுவர். அவள் நாலு வயதில் இருந்த உயரத்தில் இப்போது என் விரல் இருக்கிறது.

ஐந்து நாளாக ஒரே கோடு. அக்குளில் கயிறு கட்டி யாரோ கீழே இழுப்பது போல இருக்கிறது. இன்றைக்குச் சட்டை மாட்டப் போய் கை பாதியில் மாட்டிக்கொண்டது. உள்ளயும் போகல, வெளியவும் வரல. தலை துணிக்குள்ள. அப்படியே உக்காந்து அழுதேன். ஒரு சட்டை போடத் துப்பில்ல, இவ போய் நாலு பேருக்கு வண்டி சொல்லிக்கொடுக்கப் போறாளாம்.

மேலதிகாரி வந்து சட்டையை உருவி எடுத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கட்டிக்கொண்டாள், வலது பக்கமாக, பார்த்து. இன்றோடு பொத்தான் சட்டைதான், உத்தரவு என்றாள்.

மே 6

கோடு நகர்கிறது! மகள் ஏழு வயது.

தினமும் மாலையில் இவர் ஓட்டுகிறார், நான் பக்கத்தில். இரண்டு வாரமாக என் கால் பிரேக்கைத் தொடவில்லை. குறுகலான திருப்பங்களில்கூட மனிதர் வெண்ணெயில் கத்தி மாதிரி போகிறார். மூன்று முறை தோற்றவர் எப்படி இப்படி ஆனார் என்று கேட்டேவிட்டேன். கியரை மாற்றிக்கொண்டே சொன்னார்.

"முன்னெல்லாம் ரோட்டையா பார்த்தேன்? உன் கையத்தான் பார்த்துட்டிருந்தேன். எப்ப மேல போகுமோன்னு."

இப்போது என்னால் தூக்க முடியாததால்தான் தூக்கவில்லை என்றேன். தெரியும் என்றார், கோடு போடுவதே நான்தானே என்றார். ஆனாலும் கை மடியில் இருந்தால் அவருக்கு ரோடு தெரிகிறதாம்.

கோபித்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன், கோபம் வரவில்லை. பதினாறு வருடம் கத்தாத டீச்சர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேனே. கத்தியிருந்தாலாவது காதோடு போயிருக்கும். அந்தப் பல் மருத்துவரை நினைத்துக்கொண்டேன். பாவம், அவர் யோசிக்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மே 23

நான்காவது முறை. பாஸ். வீட்டுக்குள் வந்து லைசென்ஸைக் காட்டிய தோரணையைப் பார்த்தால் விமானம் ஓட்டப் போகிறார் போல. எல் பலகையைக் கழற்றி மகள் தன் அறைக் கதவில் மாட்டிக்கொண்டாள்.

ஜூன் 13

நடந்தது நடந்தபடி எழுதி வைக்க வேண்டும்.

சான்றிதழுக்காக மருத்துவமனை போகிற வழி. சுவர்க் கோடு கிட்டத்தட்ட பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் சுவரில் ஏறுவது வேறு, காரில் உட்கார்ந்து தூக்குவது வேறு. இரண்டு மாதமாக முயன்று பார்க்கவே பயந்தேன். எட்டாவிட்டால்?

பெரிய சாலையில் சீராகப் போய்க்கொண்டிருந்தோம். நான் பாட்டுக்கு ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். என்ன தோன்றியதோ, கை தானாகக் கிளம்பியது. தோள் தாண்டியது, காது தாண்டியது. விரலில் ஜில்லென்று பட்டது. கைப்பிடி. பிடித்தேன்.

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி ஓரம் கட்டி நின்றது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரனை அமுக்கினார்கள். இவர் முகம் வெளிறிப்போய் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி கேட்டார்.

"என்ன தப்புப் பண்ணேன்?"

கண்ணால் மேலே காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார், மறுபடி என் கையைப் பார்த்தார். புரிந்ததும் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டும்தான் போல.

"இறக்கிட்டு இன்னொரு தடவ தூக்கு."

தூக்கினேன். அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். ஏழு தடவை. ஹாரன்காரர்கள் எங்களைத் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள். நல்லா இருக்கட்டும்.

ஜூலை 1

என் இருக்கை. என் பிரேக். குட்டித் தலையணை வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன், மேலதிகாரி எனக்குத் தெரியாமல் பையில் வைத்திருக்கிறாள்.

முதல் வகுப்பு யாருக்கு? அந்த நர்ஸுக்கு. வார்டில் அவ்வளவு பெரிய ஊசியைக் கூசாமல் எடுப்பவர், ஸ்டியரிங்கைத் தொட்டதும் உள்ளங்கை வியர்த்துவிட்டது. பாலத்து ஏற்றத்தில் வண்டி அணைந்தது. பின்னால் லாரி. என் இடது கைக்கு ஒரே அரிப்பு. வலது கையால் அதை மடியிலேயே பிடித்துக்கொண்டேன்.

"மூச்சை இழுங்க. மெதுவா விடுங்க" என்றேன். சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கே கேட்ட வாசகம் என்று பிடிபட்டதும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடே கிளட்ச்சை விட்டார், வண்டி ஏறியது.

வகுப்பு முடிந்து ஸ்கூல் வாசலில் நிறுத்தினார். இறங்காமல் எதையோ மென்று விழுங்கினார். மேடம் கைப்பிடியைப் பிடிப்பார் என்று எல்லோரும் பயமுறுத்தினார்களாம், ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லையே என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கை இன்னும் எட்டலையா?" என்று கேட்டார்.

எஞ்சினை அணைக்கச் சொன்னேன். ஹேண்ட் பிரேக்கைப் போடச் சொன்னேன். அதற்கப்புறம்தான் தூக்கிக் காட்டினேன்.