வேதம் என்ற சொல்லால் வந்த அடி

மல்வேர்ன்

என் அன்பு மகன் மிதுனனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நோய்நொடியில்லாமல் இருக்கப் பிள்ளையாரை மன்றாடுகிறேன். நாங்களும் சுகம் என்றுதான் எழுதவேண்டும், இந்தமுறை அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன், முழுக்க வாசி.

அப்பா உன் பெரியப்பாவை அடித்துவிட்டார். பனி தள்ளுகிற சவளால். தில்லையம்பலம் பெரியப்பாவுக்குத் தோள் எலும்பு உடைந்து, முன்பல் இரண்டும் போய்விட்டன. எல்லாம் நீ அந்தக் குட்டிக் கொலிஜில் சமயம் படிக்கப் போனதால் வந்த வினை. இந்தத் தவணை வேதம் படிக்கிறன் அம்மா என்று சொன்னாய்தானே, அதை நான் கோயில் அன்னதானத்தில் உன்னோடு படித்த சிவானியின் தாயிடம் பெருமையாகச் சொன்னேன். எங்கள் சனத்துக்கு வேதம் என்றால் சேர்ச் அல்லவா, நீ கிறிஸ்தவனாக மாறிவிட்டாய் என்று அந்த மனுசி ஊரெல்லாம் பரப்பிவிட்டாள், அவளுடைய வாயில் நெருப்பை வைக்க. பெரியப்பா காரால் இறங்கிய கையோடு தூஷணத்தில் தொடங்கினார். அப்பா நிமிராமல் பனி தள்ளிக்கொண்டு நின்றார். கொம்பியூட்டர் படிப்பை விட்டு நீ இதற்கு மாறிய நாளிலிருந்து உன்னோடு முகம் கொடுத்துப் பேசாத மனுசன், தானும் சேர்ந்து உன்னைத் திட்டப்போகிறார் என்றே நினைத்தேன். "உவன்ர காலை முறிச்சு இழுத்துக்கொண்டு வா, உனக்கு ஏலாட்டி நான் போய் முறிக்கிறன்" என்று பெரியப்பா சொல்லி முடிக்கவில்லை, சவள் இறங்கியது. விழுந்தவரின் நெஞ்சில் ஏறியிருந்து வாயிலேயே குத்தினார். நான் சேர்ட்டைப் பிடித்து இழுக்க அது கிழிந்து கையோடு வந்தது. அவன் மாறவில்லை, அது எங்களுடைய இருக்கு வேதம் என்று நான் குழறிய பிறகுதான் கை நின்றது. திரும்பிப் பார்த்து, "மாறேல்லையோ?" என்று கேட்டார். மகன், மாறிவிட்டாய் என்று நம்பிக்கொண்டுதான் அந்த மனுசன் உனக்காக அவ்வளவு அடியும் அடித்திருக்கிறார்.

அடித்தது சரியென்று சொல்லமாட்டேன். பெரியப்பா கஞ்சிதான் குடிக்கிறார். பொலிஸ் அப்பாவை விலங்கு போட்டுக் கொண்டுபோய் மறுநாள் விட்டது, இனித் தமையனுக்குக் கிட்டப் போகக்கூடாதாம், கோர்ட்டும் வரும். இப்போது வீட்டுக்குக் கீழே பேஸ்மன்றில் படுத்தபடி. நேற்று மட்டும், அந்த வேதத்தில் என்னதான் இருக்கு என்று கேட்டார். எனக்கென்ன தெரியும், உங்கட மகனைக் கேளுங்கோ என்றேன். எனக்கு அப்பா இல்லை என்று போன கோடையில் சொன்னாயே, அந்தச் சொல்லை நீதான் திரும்ப எடுக்கவேண்டும்.

குளிருக்குத் தொப்பி போடு. எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. அவர் தானாகப் போன் எடுக்கமாட்டார், நீ எடு. இதை வாசித்தும் எடுக்காமலிருந்தால் பஸ் ஏறி வந்து உன் கன்னத்தில் நான் போடுவேன்.

உன்னைப் பெற்றவள்
தவமணி