உள்பக்கம் வெளியே

ஜூன் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூத்த சொத்து எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் போனை எடுத்தாலே தங்கச்சி வாண்டு காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். விஷயமே அவளைப் பற்றியதுதான்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆறாம் வகுப்புக்குப் புதுச் சீருடை வாங்கினோமே, அந்தச் சட்டையின் தையல் அவளைத் தைக்கிறது. தோளெல்லாம் எறும்பு கடித்த மாதிரிச் சிவந்துபோகிறது. உள்ளே பனியன் போட்டுப் பார்த்தாள். பனியனுக்கும் தையல் உண்டே! கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்து, சட்டையின் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு போனாள்.

வகுப்பில் ரெட்டைச்சடைக்காரி ஒருத்தி, "ஏய் உல்டா! நாளைக்குத் தலைகீழா நடந்து வருவியா?" என்றாளாம். மத்தியானத்துக்குள் பள்ளி முழுக்க இவள் பெயர் உல்டா. அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்த அலுப்போடு கெஞ்சிப் பார்த்தார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறாள்.

மனுஷன் எதுக்கும்மா துணி போடுகிறான்? குளிருக்கு, சரி. வெட்கத்துக்கு, அதுவும் சரி. இந்த இரண்டுக்கும் தையல் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? மிச்சமெல்லாம் அடுத்தவன் கண்ணுக்குத்தான் போலிருக்கிறது. பேசாமல் அந்தக் கண்ணுக்கே ஒரு சட்டை தைத்து மாட்டிவிடலாம்.

இப்படிக்கு,
உன் ஒரே நல்ல பிள்ளை

ஜூன் 18

என் ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து சுடுதண்ணீரில் போட வேண்டிய போர்வையைப் பச்சைத் தண்ணீரில் போடுகிறேன். இந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அது பெரிய குற்றம்.

நான் பக்கத்தில் இருந்திருந்தால் பிள்ளை இப்படி முடங்கியிருக்க மாட்டாள். வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதக் கடைசியில் இந்தக் கூடத்துக்கே என்னை மேற்பார்வையாளராகப் போடுவதாகப் பேச்சு. போகட்டும். வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

நீ உன் குறும்பு மூளையை இதில் நுழைக்காதே, சொல்லிவிட்டேன். புது வேலைக் கவுனில் எடுத்த போட்டோ ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். வாண்டுவிடம் காட்டு, கொஞ்சம் சிரிக்கட்டும்.

அன்புடன்,
அம்மா

ஜூன் 27

பேஷன் மகாராணி அவர்களுக்கு,

சிரித்தாள் அம்மா, கட்டிலை விட்டு உருண்டு விழுந்து சிரித்தாள். நீ அந்தப் போட்டோவைச் சரியாகப் பார்த்தாயா? கவுனைத் திருப்பிப் போட்டிருக்கிறாய்! தோளில் தையல் பல்லைக் காட்டுகிறது. இடுப்போரம் துவைக்கும் முறை எழுதிய சீட்டு வால் மாதிரி ஆடுகிறது.

மறுநாள் போட்டோ என் வகுப்புக்குப் போனது. "அந்த ஊர்ல இப்ப இதாண்டா பேஷன். தையல் வெளியே தெரியலன்னா ஆள மதிக்கவே மாட்டாங்க" என்றேன்.

"நிஜமாவா?" என்றான் என் சிநேகிதன் ஒட்டகம்.

"எங்கம்மா பொய் சொல்லுவாங்களா?"

"அவங்க சொல்ல மாட்டாங்க. நீ சொல்லுவே."

சொன்னானே தவிர, மறுநாள் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் வந்தான். அப்புறம் அவன் பெஞ்சு, அப்புறம் அடுத்த வகுப்பு. பொத்தான் உள்ளே போய்விடுவதால் எல்லாரும் தங்கள் வயிற்றையே தடவித் தேடிக்கொண்டு நிற்கிறார்கள். ரெட்டைச்சடைக்காரி வீட்டுக்கே வந்து, "உனக்கு மட்டும் எப்படிடி முதல்லயே தெரிஞ்சுது?" என்று கேட்டாள். வாண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள்!

தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். "பாக்கெட் எங்கடா?"

"உள்ளே பத்திரமா இருக்கு டீச்சர். சட்டை வெள்ளையா, சுத்தமா இருக்கணும்னுதானே விதி?"

சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேட்ஜ் மட்டும் வெளியே தெரிய வேண்டுமாம். நீ வேலையை விடாதே.

உன் விளம்பர மேலாளர்

ஜூலை 6

அட படவா,

என் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாயே! பக்கத்து மெஷின் அக்காவிடம், "ஏன்க்கா அன்னிக்குச் சொல்லலை?" என்றால், "நீ வேணும்னே போட்டிருக்கேன்னு நினைச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறாள்.

நானும் சிரித்தேன்தான். ஆனாலும் கேளு. பேஷன் என்பது நேற்று வந்து நாளைக்குப் போவது. ஒருநாள் எல்லாரும் சட்டையை நேராக்கிக்கொள்வார்கள். அன்றைக்கு என் பிள்ளை மறுபடியும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டால்? அதனால் வேலையை விடுவதாக ஆபீசில் கொடுத்த கடிதத்தை நான் இன்னும் திரும்ப வாங்கவில்லை.

அம்மா

ஜூலை 19

அம்மா,

நீ சொன்னது நடந்துவிட்டது. கணக்கு வாத்தியார் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து, "நானும் உங்க செட்டுதான்" என்றார். அவ்வளவுதான், பேஷன் அங்கேயே உயிரை விட்டது. மறுநாள் காலை பள்ளி வாசலில் எல்லாச் சட்டையும் நேர். திருப்பிப் போட்டிருந்தது நானும் வாண்டும்தான்.

ரெட்டைச்சடைக்காரி நேராக எங்களிடம் வந்தாள். "இன்னுமா இதைப் போடுறே? பழசாயிடுச்சுடி."

வாண்டுவின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையைக் கொடுக்கவில்லை.

"பேஷனுக்குப் போட்டவங்க மாத்திக்கிட்டீங்க. எனக்குத் தையல் குத்துது, அதான் போட்டேன்" என்றாள்.

"குத்துதா? எங்கே?"

காலரை விலக்கித் தோளைக் காட்டினாள். ரெட்டைச்சடைக்காரி குனிந்து பார்த்தாள். "எனக்கு சாக்ஸ் இப்படித்தான் குத்தும்டி. அம்மாகிட்ட சொன்னா நம்பவே மாட்டாங்க." இருவரும் சாக்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள். பின்னாலிருந்து ஒருவன் "உல்டா" என்று கத்தினான். வாண்டு அவனைச் சட்டையே பண்ணவில்லை.

படியேறும்போது மட்டும் திரும்பி, "அண்ணா, நீ நேராவே போட்டுக்கோ. உனக்கு நல்லாவே இல்லை" என்றாள்.

உன் மகன்

ஜூலை 28

என் செல்லத்துக்கு,

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் நின்றபடியே படித்தேன். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் ஒரு பாட்டம் அழுதேன். பயப்படாதே, பிழிந்து உதறின துணி மாதிரி லேசாகிவிட்டேன். பிறகு ஆபீசுக்குப் போய், நான் எழுதிக் கொடுத்ததைத் திரும்பக் கேட்டேன். "நீ போக மாட்டேன்னு தெரியும், அதான் மேலே அனுப்பவே இல்லை" என்று இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

விடுமுறைக்கு வருகிறேன். அதுவரை சட்டையை நேராகப் போட்டுக்கொள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அம்மா