மேற்குக் குளத்து மடையன்

அக்டோபர் 28

காலையில் பறவைகள் சரணாலயத்தின் மேற்குக் குளத்து மடையைத் திறந்துவிட்டேன். ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கும்வரை மூடுவதில்லை.

நேற்றைய கூட்டம் இன்னும் காதில் குடைகிறது. தலைமை அதிகாரி - கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சு, இப்போது எனக்கு வரவேண்டிய நாற்காலியில் - எல்லோர் முன்பும் சொன்னான்: "எப்பப் பாரு மடை, மடைன்னு. நீ சரியான மடையன்டா! சரி, திற. இந்தக் குளிருக்கும் வாத்து வரலேன்னா குளத்தைத் தோண்டிப் படகு விட்டுடுவேன்."

மடையைத் திறப்பவனுக்கும் அதுதான் பெயர் என்று அகராதியைக் காட்டலாம். சிரித்தவர்கள் அகராதி பார்த்தா சிரித்தார்கள்?

தளும்பும் குளம் இவன் கண்ணுக்கு அழகு. ஊசிவால் வாத்து முங்கி மேயாது. தலையைத் தண்ணீரில் விட்டு, வாலைத் தூக்கி, கழுத்து எட்டுகிற மட்டும்தான் அதற்குச் சாப்பாடு. வடக்கிலிருந்து அத்தனை தூரம் பறந்து வந்து பட்டினி கிடக்க அதற்கென்ன தலையெழுத்து?

நவம்பர் 6

சேறு. நாற்றம். வாட்ச்மேன்கூட மூக்கைப் பொத்துகிறார்.

நவம்பர் 9

பூட்ஸைப் பார்த்து மனைவி: "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் வேலை செஞ்ச மாதிரி வந்திருக்கீங்க."

வானத்தில் ஒன்றுமில்லை. வராவிட்டால்? படகுக்கு டிக்கெட் கிழிக்க என்னையே உட்கார வைப்பான். செய்யக்கூடியவன்தான்.

நவம்பர் 15

மதியம் பேய்மழை. குளம் கிடுகிடுவென்று ஏறுகிறது. தண்ணீர் ஒரு சாணுக்கு இறங்கியதும் மடைக் கதவைப் பாதி இறக்கி வைத்தது நான்தான் - இப்போது தூக்கினால் அசையவில்லை. கதவைத் தூக்கும் சக்கரத்தோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்: "தள்ளிக்க. உன் படிப்பெல்லாம் போதும், இழு!"

அவன். பளபளக்கும் ஷூவோடு சேற்றில். இருவரும் தொங்கினோம். கதவு கிரீச்சிட்டு எழுந்தது.

நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்லணும்?

நவம்பர் 18

வந்துடுச்சு! வந்துடுச்சுய்யா!

விடியும்போது தலைக்கு மேல் விசிலடித்தது மாதிரி ஓர் ஓசை. அப்புறம் வானம் கிழிந்து கொட்டியதுபோல - ஊசிவால், கிளுவை வாத்து, இன்னும் ஊசிவால்! தண்ணீர் தெரியவில்லை. குளம் முழுக்கத் தலையில்லாத வால்கள்!

ஓடிவந்தவன் பைனாகுலரைப் பிடுங்கினான். "டேய், எல்லாம் பின்பக்கத்தைக் காட்டுதேடா!"

"எனக்கும் ரொம்ப நாளா காட்டணும்னு ஆசை," என்றேன்.

வெடித்துச் சிரித்தான். எனக்கும் - சனியன் - சிரிப்பு வந்துவிட்டது.

டிசம்பர் 4

படகுத் திட்டத்தைக் கைவிட்டாயிற்று. கிழக்குக் குளமும் இனி என் பொறுப்பு. அந்த நாற்காலி விஷயத்தை மன்னித்துவிட்டேன் என்று அவன் நினைத்தால், அது அவன் பாடு.

மடைக்குப் பக்கத்தில் எனக்கொரு அறை ஒதுக்கியிருக்கிறார்கள். கதவில் என்ன எழுத என்று பெயிண்டர் கேட்டார். சொன்னேன்.

தூரிகையோடு தயங்கினார். "நிஜமாவா சார்? கடைசில 'ன்' போடவா, 'ர்' போடவா?"

"'ர்' போடுங்க. ஒரு மரியாதை வேணாமா?"