செக்2 என்ன செய்கிறது?

மாங்குளம்
4 செப்டெம்பர் 2024

என் அருமை ஷிஹானா,

சுகமா? மகன் சுகமா? உம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு. தொலைபேசி அடித்தால் பிள்ளை எழும்பி ஊரைக் கூட்டுகிறான் என்று நீ சொன்னதால்தான் மெனக்கெட்டு மின்னஞ்சலில் கடிதம் எழுதுகிறேன். நாலு மாதமாய் நீ பிரசவ விடுமுறையில் இருக்க, நாங்கள் வேலை செய்கிற கந்தோர் வெறிச்சென்று கிடக்கிறது.

இனி என் சண்டையைத் தொடங்குகிறேன். குளத்தில் தண்ணீர் திடீரென்று ஏறினால் சங்கு ஊதுகிற பெட்டி ஒன்றை நாங்கள் இரண்டு பேரும் செய்து குளக்கட்டில் வைத்தோமே, அதன் கேர்னலை நேற்று முழுக்க இருந்து வாசித்தேன். பெட்டிக்குள் எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று ஆட்டிப் படைக்கிற அந்த அடிப்படை நிரலை எழுதியது நீ. எடியே, அதில் 'செக்' என்று ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலைக்கான நிரல் துண்டு. அடுத்தது 'செக்2'. பிறகு 'புதுசெக்'. அதற்கும் பிறகு 'புதுசெக்கடைசி'! எது என்ன செய்கிறது என்று ஒரு வரிக் குறிப்பாவது எழுதக்கூடாதா? நல்ல காலம், மகனுக்குப் பெயர் வைக்கும்போது உம்மா பக்கத்தில் இருந்தா.

செக் தண்ணீரை அளக்கிறது. செக்2வும் அதையே அளந்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, மறுபடியும் அதையே அளக்கிறது. எதற்கு? அதைத் தூக்கி எறிந்துவிட்டேன். புது நிரலை நாளைப் பின்னேரம் பெட்டியில் ஏற்றுகிறேன். சந்தோசப்படு.

அன்புடன்,
தேனுகா

மாங்குளம்
7 செப்டெம்பர் 2024

ஷிஹா,

மானம் போச்சு! நேற்று மத்தியானம், குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற கமக்காரர் அமைப்பின் கூட்டம் நடந்துகொண்டிருக்கச் சங்கு ஊதத் தொடங்கியது. பதினெட்டுத் தரம், எண்ணினேன். செயலாளர் வீரகத்தி அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குளக்கட்டுக்கு ஓடினார். பின்னால் முழுச் சனமும் ஓடியது. போய்ப் பார்த்தால் குளத்தில் அரைவாசித் தண்ணீர்கூட இல்லை.

"பிள்ளை, இன்னொருக்கா இது சும்மா கத்தினால் கழட்டிக்கொண்டு வந்து உங்கட கந்தோர் வாசலில வைச்சிடுவன். ஒக்டோபர் ஐஞ்சாம் திகதி காலபோக விதைப்புக் கூட்டம். அதுக்குள்ள சரிப்படுத்துங்கோ" என்று சொல்லிவிட்டார்.

நேற்றிலிருந்து தேடுகிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. சங்கை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். எல்லாம் உன்னுடைய குழறுபடியான நிரலால் வந்தது. கெதியாய்ப் பதில் எழுது.

தேனுகா

நீராவிப்பிட்டி, முல்லைத்தீவு
10 செப்டெம்பர் 2024

அன்புள்ள தேனுகா,

எல்லோரும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். மகனுக்குக் கழுத்து நின்றுவிட்டது.

சங்கு ஊதினது மத்தியானம் என்கிறாய். மத்தியான வெயிலுக்கு எருமைகள் வந்து எங்கள் அளவுகோலுக்குப் பக்கத்தில்தான் இறங்கும். ஒவ்வொன்றும் இறங்க, அலை அடித்துத் தண்ணீர் ஏறினது மாதிரிக் காட்டும். அதனால்தான் செக்2 ஒருமுறை அளந்து, இரண்டு நிமிடம் பொறுத்து, அலை அடங்கிய பிறகு மறுபடி அளக்கிறது. அப்போதும் ஏறியிருந்தால்தான் சங்கு ஊதும். அதைத்தான் நீ தூக்கி எறிந்திருக்கிறாய்.

எட்டு மாத வயிற்றோடு மூன்று நாள் குடை பிடித்துக்கொண்டு குளக்கட்டில் இருந்து நான் கண்டுபிடித்தது அது. கால் இரண்டும் வீங்கிக் கிடந்த நேரத்தில் அழகான பெயர் யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. 'குழறுபடி' என்று நீ எழுதினதை நாலு தரம் வாசித்தேன். மனம் நல்லாய் நொந்து போனது.

செக்2வைத் திரும்பப் போடு, வேலை செய்யும். என் பெயரை நிரலிலிருந்து எடுத்துவிடு. நான் இனி வேலைக்கு வரவில்லை. வேறு யாரையாவது பார்த்துக்கொள்.

ஷிஹானா

மாங்குளம்
11 செப்டெம்பர் 2024

என் ஷிஹா,

எருமை என்று வாசித்ததும் விழுந்து விழுந்து சிரித்தேன். மிச்சத்தை வாசித்துவிட்டு அழுதேன். என்னுடைய வாய்க்குப் பூட்டுப் போட வேண்டும். மன்னித்துக்கொள்.

செக்2வைப் போட்டு, சங்கையும் மறுபடி இயக்கிவிட்டு இன்று மத்தியானம் குளக்கட்டில் போய் இருந்தேன். பதினொரு எருமை இறங்கியது. சங்கு மூச்சு விடவில்லை. நான் கைதட்டினதைப் பார்த்து எருமைகள்தான் பயந்து போயின.

உன் பெயரை எடுக்க மாட்டேன். நீ திரும்பி வரவேண்டும், எனக்கு அதுதான் வேண்டும். முழு நிரலையும் இத்துடன் அனுப்புகிறேன். பதினான்கு ஃபங்ஷனுக்கும் புதுப் பெயர் வைத்திருக்கிறேன். செக்2 இனி 'அலை அடங்கியபின் மறுபடி அள'. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு வரி வெறுமையாய் விட்டிருக்கிறேன். ஏன் அப்படி எழுதினாய் என்று அதில் நீதான் எழுத வேண்டும். தமிழிலேயே எழுது. என்ன செய்கிறது என்பது எனக்கு நிரலைப் பார்த்தால் தெரியும். ஏன் என்பது உனக்குத்தானே தெரியும்?

நீ எழுதி அனுப்பும் வரைக்கும் வேறொன்றையும் பெட்டியில் ஏற்ற மாட்டேன்.

உன் தேனுகா

நீராவிப்பிட்டி
20 செப்டெம்பர் 2024

தேனு,

பதினான்கு குறிப்பும் எழுதிவிட்டேன். மடியில் மகன், ஒற்றைக் கையால் தட்டச்சு. ஒரு குறிப்பில் அவனும் நாலைந்து எழுத்து அடித்திருந்தான், அழித்துவிட்டேன்.

ஆனால் நீ வைத்த பெயர் ஒன்று பச்சைப் பொய். 'நீர்மட்டம் வாசி' என்று வைத்திருக்கிறாய். அது வாசித்த கையோடு, ஊதக் காத்திருக்கிற எச்சரிக்கையையும் அழித்துவிடும். சும்மா வாசிக்கத்தானே என்று நம்பி யாராவது அதை இயக்கினால், உண்மையாகவே தண்ணீர் ஏறும் நாளில் சங்கு ஊதாது. 'வாசித்து எச்சரிக்கையை அழி' என்று முழுசாய்ச் சொல். நீளமாய் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று சொல்கிறேன், ஏசாதே. கால் வீக்கத்தில் பெயர் யோசிக்கத் தோன்றவில்லை என்று எழுதினது பாதி உண்மைதான். என்னைக் கேட்டால்தான் அந்த நிரல் விளங்கும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளை பிறந்த பிறகு பயமாகவும் இருந்தது. எல்லாம் தெளிவாய் எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு நான் எதற்கு? இப்போது எழுதிக் கொடுத்துவிட்டேன். வாசித்துப் பார்த்தேன், நல்லாய்த்தான் இருக்கிறது. இனி உனக்கு நான் தேவைப்பட மாட்டேன்.

ஷிஹானா

மாங்குளம்
5 ஒக்டோபர் 2024

விசரி, பைத்தியக்காரி,

பதில் சொல்ல இன்றைய கூட்டம் முடியட்டும் என்று காத்திருந்தேன். இப்போது கேள்.

பெட்டி ஏன் அன்றைக்குக் கத்தியது, இனி ஏன் கத்தாது என்று வீரகத்தி அண்ணை எல்லோருக்கும் முன்னால் கேட்டார். நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. கேர்னலைத் திறந்து உன் குறிப்பை அப்படியே வாசித்தேன்: "மத்தியானம் எருமைகள் அளவுகோலுக்குப் பக்கத்தில் இறங்கும். அலை அடங்க இரண்டு நிமிடம் பொறு. பொறுக்காமல் சங்கு ஊதாதே."

மண்டபம் அதிரச் சிரித்தார்கள். அப்போது கடைசிக் கதிரையிலிருந்து எருமைக்காரப் பழனியாண்டி அண்ணை எழும்பினார். "எழுதினது சரி. ஆனா மாரியில அதுகள் அதில இறங்காது, தண்ணி திறந்துவிடுற துருசடிக்குப் போயிடும். அங்க அலை அடங்க ரெண்டு நிமிசம் காணாது, பிள்ளை" என்றார்.

கேட்டாயா? கேர்னலில் பிழை பிடிக்கிறார்! உடனே அடுத்த ஆளும் எழும்பி வாய்க்கால் காற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எனக்கு அரைவாசியும் விளங்கவில்லை. "இது ஆர் எழுதினது?" என்று வீரகத்தி அண்ணை கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். "அப்ப அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பழனியாண்டியோட கதைக்க அவாதான் சரி. பெட்டி இருக்கட்டும்" என்றார்.

யாருக்கும் விளங்காமல் இருந்தவரைக்கும் உன்னை ஒருவரும் தேடவில்லை, ஷிஹா. விளங்கின பிறகுதான் தேடுகிறார்கள். நான் எப்போதும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தேனுகா

நீராவிப்பிட்டி
6 ஒக்டோபர் 2024

என் தேனு,

உன் கடிதத்தை உம்மாவுக்குச் சத்தமாய் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பந்தி வந்ததும் தொலைபேசியை அவாவிடம் நீட்டிவிட்டேன். மிச்சத்தை அவா வாங்கி வாசித்தா.

இன்ஷா அல்லாஹ், நாளைக் காலை முதல் பஸ்ஸில் மாங்குளம் வருகிறோம். நான், மகன், உம்மா. உம்மா அவனைப் பார்த்துக்கொள்ளுவா. கந்தோரில் அவனுக்கு ஏணைத் தொட்டில் கட்டக் கூரையில் ஒரு வளை இருக்கிறதா என்று பார்.

பழனியாண்டி அண்ணையைத் துருசடிக்கு வரச் சொல்லு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

ஷிஹானா