சோற்றின் அளவு

செவ்வாய் நிலையம். மருத்துவப் பதிவேடு.
எழுதுவது: மருத்துவர் கோமதி.

நாள் 304. 08:10
இல்லை, வேறு கேள்வி எதுவும் இல்லை. பூமிக்கு அப்படித்தான் பதில் அனுப்பினேன்.

நாளை முதல் பதினான்கு நாள்களுக்குப் பூமிக்கும் செவ்வாய்க்கும் குறுக்கே சூரியன் நிற்கும். செய்தி போகாது, வராது. பூமியில் பணியில் இருப்பவர் டாக்டர் புருஷோத்தமன். என் கல்லூரி, ஆறு வருடம் சீனியர். அவருடைய கடைசிச் செய்தி:

"தங்கச்சி, புயல் அடங்கிருச்சுல்ல? ரெண்டு பேரையும் பத்திரமா கூட்டிட்டு வந்துரு. ஏதாச்சும் கேக்கணும்னா இப்பவே கேட்டுரு."

குளிரில் உறைந்த தோல், ஆக்சிஜன் குறைவு, கிருமித்தொற்று. எல்லாம் ஏற்கெனவே கேட்டாயிற்று.

பொறியாளர் இசக்கிமுத்துவும் நிலவியலாளர் பர்வீனும் புழுதிப்புயலால் மேற்குக் குடிலில் இருபத்துமூன்று நாளாகச் சிக்கியிருக்கிறார்கள். அங்கே காற்று உண்டு, தண்ணீர் உண்டு. உணவு ஆறு நாளுக்குத்தான் இருந்தது.

ஆளில்லா வண்டியை அனுப்பிவிட்டேன். புயலில் அதன் சரக்குப் பெட்டி உடைந்துவிட்டதால் உணவு வைத்து அனுப்ப முடியவில்லை; திரும்பும்போது ஒருவரைத்தான் ஏற்றும்.

நாள் 304. 17:30
யார் முதலில் என்று வானொலியில் சண்டை.

பர்வீன்: "அண்ணன்தான் மொதல்ல. தன் பங்குல பாதிய எனக்குத் தந்துட்டு, பசிக்கலன்னு புளுகுன மனுசன்."

இசக்கி: "ஏட்டி, சும்மா கெட. டாக்டரம்மா, ஒலைய வைங்க. கல்யாண வீட்டுக்கு வடிக்க மாதிரி வடிக்கணும்."

சிரித்தேன். பல நாள் கழித்து.

நாள் 307. 12:05
இசக்கி வந்துவிட்டார். எழுபது கிலோ ஆள், இப்போது ஐம்பத்தொன்று. காயம் இல்லை. காய்ச்சல் இல்லை. ரத்த அழுத்தம் குறைவு.

சோறு, பருப்பு, சர்க்கரை அதிகம் போட்ட பால்.

"இன்னுங் கொஞ்சம் போடுங்க. கஞ்சத்தனம் பண்ணாதீய."

போட்டேன். ஒவ்வொரு ஊசிக்கும் மருந்து இயந்திரம் அளவு கேட்கிறது, உறுதி செய்யச் சொல்கிறது. சோறு அதன் பட்டியலில் இல்லை.

நாள் 308. 07:20
ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. பாதங்கள் லேசாக உப்பியிருக்கின்றன. 'உடம்பு தேறுகிறது' என்று பதிந்தேன்.

குடிலிலிருந்து பர்வீன்: "அண்ணன் சாப்ட்டாரா? என்ன சாப்ட்டாரு? ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னேன். 

"எனக்கும் அதே மாதிரி ஆக்கி வை."

நாள் 309. 15:40
வண்டி மின்னேற்றம் முடிந்து பர்வீனுக்காகக் கிளம்பிவிட்டது.

இசக்கிக்கு விரல்கள் மரத்துப்போகின்றன. மூச்சு வாங்குகிறது. பலவீனம் என்று முடிவு செய்தேன். பலவீனத்துக்குச் சாப்பாடு. இரண்டு மடங்கு கொடுத்தேன்.

"போதும் டாக்டரம்மா."

நான்தான் ஊட்டினேன்.

நாள் 310. 05:12
துடிப்பு ஒழுங்கில்லை.

05:31
நின்றது.

06:04
நெஞ்சிலிருந்து கையை எடுத்தேன்.

நாள் 310. 14:00
ரத்தம் பார்த்தேன். முன்பே பார்த்திருக்கலாம். பாஸ்பேட் ஏறக்குறைய இல்லை. பொட்டாசியம் பாதி. இரண்டையும் சேர்த்து நூலகத்தில் தேடினேன். ஒரு பக்கம் வந்தது.

நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று உணவு கிடைத்தால், ரத்தத்திலுள்ள உப்புகளைச் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும். இதயத்துக்கு மிஞ்சாது. முதலில் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி. பிறகுதான் உணவு, அதுவும் கரண்டிக் கணக்கில். தினமும் ரத்தப் பரிசோதனை. கால் வீக்கம் ஒரு எச்சரிக்கை.

தயமின் அலமாரியில் இருக்கிறது. பன்னிரண்டு குப்பிகள். ஒன்றும் உடைக்கப்படவில்லை.

14:50
ஐந்தரை வருடம் படித்தேன். உணவுக்கு ஒரு வகுப்பு. மதியம் இரண்டு மணிக்கு. பரீட்சையில் வராது என்றார்கள். நான் கேண்டீனில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு வார்டில் ஆயிரம் சீட்டுகளில் எழுதினேன்: சத்தான உணவு. எது, எவ்வளவு, எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது என்பதாவது தெரிந்திருக்கும்.

பூமியிடம் கேட்காமல் விட்டதல்ல. அது ஒரு கேள்வி என்றே தெரியவில்லை.

19:00
பர்வீன்: "இன்னிக்கு என்ன சாப்ட்டாரு?"

சிக்னல் சரியில்லை என்றேன்.

நாள் 312. 11:20
பர்வீன் வந்தாள். நாற்பத்திரண்டு கிலோ. முதலில் ஊசி.

இசக்கி இறந்துவிட்டார் என்று சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லை. அழ அவளிடம் தெம்பில்லை.

அரை மணி நேரம் கழித்து, நான்கு கரண்டி கஞ்சி.

"இவ்ளோதானா? அவருக்கு அள்ளி அள்ளிப் போட்டேன்னு சொன்னியே. எனக்கு மட்டும் ஸ்பூன்ல அளக்குற?"

உணவறையைப் பூட்டினேன்.

நாள் 313. 16:10
கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். நகத்தால் கதவைச் சுரண்டியிருக்கிறாள்.

"கோமதி, பிச்சையா கேக்குறேன்டி. ஒரு பிடி சோறு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் போட்ட சோற்றால்தான் இசக்கி இறந்தார் என்றேன். அந்தப் பக்கத்தை முழுதாக வாசித்துக் காட்டினேன்.

பர்வீன் கேட்டாள்:

"அவரு போதும்னு சொன்னாரா?"

சொன்னார் என்றேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாள் 314. 09:00
வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

13:25
ஒரு கரண்டி. என் முகத்தைப் பார்க்காமல்.

நாள் 319. 06:45
சூரியன் விலகிவிட்டது. பூமியிலிருந்து முதல் செய்தி. புருஷோத்தமன் குரல்:

"தங்கச்சி, ரெண்டு பேரும் வந்தாச்சா? மொதல்ல வயிறார சாப்பாடு போடு. தெம்பு வரட்டும். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

மூன்று முறை கேட்டேன். அன்பான குரல்தான்.

07:30
அந்த ஒரு பக்கத்தை அனுப்பினேன். இசக்கியின் ரத்த அறிக்கையையும், அவர் எதை எவ்வளவு தின்றார் என்ற முழுக் கணக்கையும் சேர்த்து. கூடவே ஒரு கோரிக்கை: மருத்துவப் படிப்பில் உணவைப் பாடமாக வையுங்கள். கட்டாயமாக. பரீட்சையோடு. முதல் கேள்விக்கு இந்தக் கணக்கைக் கொடுங்கள். இவரை எந்த வேளையில் காப்பாற்றியிருக்கலாம் என்று கேளுங்கள்.

என் பெயரை மறைக்க வேண்டாம் என்றும் எழுதினேன்.

08:00
பர்வீனின் பாதத்தை அழுத்திப் பார்த்தேன். வீக்கம் இல்லை. ரத்தம் எடுத்தேன். பாஸ்பேட் சரியாக இருக்கிறது. உணவறையைத் திறந்து, அரைக் கோப்பை கஞ்சியை எடைபோட்டு எடுத்துக்கொண்டு, மறுபடி பூட்டினேன்.