பதினொரு காடை என்று அப்பா சொன்னது

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன், அந்த அடித்தல் உன் கண்ணில் பட்டிருக்கும், வேறு தாள் எடுக்கப் பொறுமை இல்லை. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, அப்பாவின் நாற்காலி அதிலிருந்து இரண்டு எட்டு, நீ கூப்பிட்டால் ஓடிப்போய் எடுப்பதும் அவர்தான். அதோடு வாயால் சொல்லப் போனால் பாதியிலேயே அழுதுவிடுவேன், மீதியை நீயாக நினைத்து இன்னும் பயந்துகொள்வாய்.

போன ஞாயிறு கீழ்மேய்ச்சலில் பதினொரு காடை கூவியது என்று அப்பா சொன்னாரே, அது பொய். நீ அதை நம்பி, காடைக்குக் குறைவில்லை, வரும் ஒன்றாம் தேதி வேலிக்கதவைத் திறந்து பாதி மாடுகளை உள்ளே விடுங்கள் என்று சொல்லிவிட்டாய். அதனால்தான் இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை அவருக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை, அன்றைக்கு நான் காடைக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் போனேன். நீ சொல்லிக்கொடுத்தபடியே, எண்ணுவதற்கென்று நட்ட நாலு கம்பத்தடியிலும் ஐந்தைந்து நிமிடம் அசையாமல் நின்றேன், கொசு கடித்தபோதுகூடக் கையைத் தூக்கவில்லை. மொத்தம் இரண்டு கூவல். என் காதில்தான் கோளாறு என்று மறுநாளும் போனேன், ஒன்று. அதற்கடுத்த நாள் ஒன்றுமே இல்லை, காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. நோட்டைப் புரட்டினால் இந்த வருஷம் எல்லாப் பக்கத்திலும் பதினொன்று, பதினொன்று என்று ஒரே மாதிரி எழுதியிருக்கிறது. போன வருஷம் வந்த கணக்கு அது. எந்த ஊர்க் காடை தினமும் ஆள் குறையாமல் வந்து கூவும்? நீ படித்தவள், உனக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா.

இது எங்கே ஆரம்பித்தது என்று சொல்கிறேன், நானும் இதில் கூட்டு. நீ கிளம்பும் முன் கீழ்மேய்ச்சலில் காடை பெருகட்டும் என்று போட்டுக் கொடுத்த திட்டம் உனக்கே நினைவிருக்கும். அடைந்து கிடந்த முள்புதரை மெஷின் விட்டு வெட்டலாம், ஆனால் ஒரு புதர்த்திட்டில் நின்று கல் எறிந்தால் அடுத்த திட்டில் போய் விழ வேண்டும், பருந்து துரத்தினால் காடை அவ்வளவு தூரம் பறந்துதான் ஒளியும் என்றாய். எறிகிற கை அப்பா கையாக இருக்கட்டும் என்றும் நீதான் சொன்னாய். அவருக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா, தீவனக்கடையில் நின்று என் கைதான் அளவுகோல் என்று பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கை இப்போது தோளுக்கு மேலே எழும்பவில்லை. குளிர் நாளில் கொட்டகைக் கூரையைப் பார்க்க ஏறி ஏணியோடு சரிந்தார், தோளில் சதை கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால்தான் சரியாகும் என்று டாக்டர் சொல்லி நாலு மாதம் ஆகிறது. உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார், வாங்கிய சத்தியத்தை இதோ உடைக்கிறேன்.

மெஷின் வந்த அன்று அவர் கல்லை எடுத்தார், கை பாதியிலேயே நின்றுவிட்டது. வலிக்கிறது என்று சொல்ல வாய் வராமல், மெஷின் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டு நீங்களே எறியுங்கள் என்றார். அந்த ஆள் சின்ன வயதில் பந்து விளையாடிக் கோப்பை வாங்கினவராம், சட்டைக் கையை மடித்துவிட்டு எறிந்தார் பார், கல் போய் விழுந்த இடமே தெரியவில்லை. டீ கொண்டுபோன நான் கை தட்டினேன். அசடு மாதிரி கை தட்டினேன், அந்த உற்சாகத்தில் அடுத்த கல் இன்னும் தூரம் போனது. கொஞ்சம் மெதுவாக எறியுங்கள் என்று ஒரு வார்த்தை அப்பா சொல்லியிருக்கலாம், வீம்பு விடவில்லை. கல் விழுந்த இடத்தில் மட்டும் புதரை விட்டு மற்றதை வெட்டியதில், நாற்பது திட்டாவது நிற்க வேண்டிய இடத்தில் இன்றைக்குப் பதினான்கு நிற்கிறது. நடுவில் எல்லாம் வெட்டவெளி, அதன் மேலே பருந்து சாவகாசமாகச் சுற்றுகிறது.

நோட்டைக் காட்டிக் கேட்டபோது முதலில் கோபப்பட்டார், உனக்குக் காடைக் கூவல் தெரியுமா என்றார். நான் நோட்டை விரித்தபடி அவர் பக்கத்தில் வைத்தேன். அதை மூடி வைத்துவிட்டு, "அவ நம்பி என் கையில விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான், அதையும் கெடுத்துட்டேன்னு எப்படிச் சொல்றது" என்றார். காய்ச்சல் உடம்போடு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். முப்பத்தாறு வருஷத்தில் அவர் அப்படித் திரும்பிப் படுத்து நான் பார்த்ததில்லை.

வேலிக்கதவை நான் பூட்டிவிட்டேன், சாவி என்னிடம் இருக்கிறது. மாடே விடாமல் போட்டால் புல் அடைந்து குஞ்சுகளுக்கு நடக்க வழி இருக்காது என்று நீ சொன்னது தெரியும், ஆனால் மிச்சம் இருக்கிற பழைய புல் தூரில்தான் அந்த ஒன்றிரண்டு பேடையும் முட்டை வைக்க வேண்டும், அதையும் மாடு மேய்ந்துவிட்டால் அப்புறம் ஒன்றும் இல்லை. மேல்மேய்ச்சலில் புல் கணுக்கால் உயரம்கூட இல்லை, மாடுகள் என்னைக் கண்டாலே கத்துகின்றன. ஒன்பது மாட்டை உன் மாமா வீட்டுக்கு அனுப்பப் போகிறேன், அவனும் முணுமுணுத்துக்கொண்டே சரி என்றிருக்கிறான். மெஷின்காரருக்கு விஷயம் தெரிந்து மனுஷன் கூனிக்குறுகிப் போனார், வெட்டிப் போட்ட முள்ளை நடுநடுவே குவித்துத் தருகிறேன் என்கிறார். புதர் தழைத்து வரும்வரை அந்தக் குவியல் காடைக்கு ஒளிய உதவுமா, எத்தனை அடிக்கு ஒன்று, இதை மட்டும் உடனே எழுது. அடியில் எழுது, கல்லெறி வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, படிப்பு வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும், நான் தினமும் வேண்டிக்கொள்வது அவ்வளவுதான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா போனை எடுத்ததும் எத்தனை கூவியது என்று கேட்டுவிடாதே, கேட்டால் மறுபடி பதினொன்று என்பார், நீ அவரைத் திட்ட வேண்டி வரும். கை எப்படி இருக்கிறது அப்பா என்று கேள். அவர் ஒன்றும் சொல்லாமல் நிற்பார், ரொம்ப நேரம் நிற்பார். நீ போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா